தங்கை வரைந்த சாய்வெழுத்து

"நீ வரைஞ்ச எஃப் பக்கத்து எழுத்தை இடிக்குதுடி" என்றாள் அக்கா.

"இடிக்கலக்கா, தோள்ல கை போடுது. உன் எழுத்தெல்லாம் பள்ளிக்கூடத்துல வரிசையில நிக்கிற பிள்ளைங்க மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்குதே, நான் ஏதாவது சொன்னேனா?"

தங்கை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, சாயங்காலம் வந்து மிச்சச் சண்டையைப் போடலாம் என்று படியிறங்கினாள். தெருமுனைத் திருப்பத்தில் ஒரு லாரி. அவ்வளவுதான்.

கணினி நிரல் எழுதுகிறவர்களுக்காக இருவரும் சேர்ந்து ஓர் ஆங்கில எழுத்துரு செய்திருந்தார்கள். ஒல்லியான ஐ-க்கும் பருத்த எம்-முக்கும் ஒரே அகலத்தில்தான் அறை. நேரெழுத்து அக்காவுடையது, சாய்வெழுத்து தங்கையுடையது. நிரலை இயந்திரம் படிக்கும். இடையிடையே சக மனிதருக்காக எழுதி வைக்கும் குறிப்புகள் மட்டும் சாய்வில் தெரியும். வந்த பாராட்டெல்லாம் அந்தச் சாய்வுக்குத்தான். நேரெழுத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அக்காவுக்கு வயிறு எரிந்தது. துக்கம் கேட்க வந்தவர்களும் அந்தச் சாய்வையே சொல்லிச் சொல்லி அழுதபோது இன்னும் எரிந்தது.

எழுத்துருவின் புதிய பதிப்புக்கு வேலை வந்தது. அக்கா தன் நேரெழுத்தையே கணினியில் சாய்த்து, தங்கையுடையதை எடுத்துவிட்டு அங்கே வைத்தாள். இனி எழுத்துரு முழுக்க அக்காவுடையது.

திரையில் ஓ ஒரு பக்கம் வீங்கி, நசுங்கிய பந்துபோல இருந்தது. வீக்கத்தைச் செதுக்கினாள். எல்-லைச் சுற்றி அறை வெறிச்சென்று கிடந்தது. அடியில் ஒரு வளைவு போட்டாள். எஃப் நிற்க முடியாமல் தடுமாறியது. அதன் காலைக் கோட்டுக்குக் கீழே இறக்கி வளைத்தாள். பிறகு தங்கையுடையதை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். மயிரிழைதான் வித்தியாசம். அந்த மயிரிழையிலும் தங்கைதான் ஜெயித்திருந்தாள்.

"செத்தும் விட மாட்டியாடி நீ."

"யார்கிட்ட பேசுற?" என்றார் அடுத்த அறையிலிருந்து கணவர்.

"ஒரு திமிர் பிடிச்சவகிட்ட."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தன் சாய்வை அழித்தாள். தங்கையுடையதை ஒரு புள்ளிகூட நகர்த்தாமல் திரும்ப வைத்து, அன்றைக்கே புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டாள்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் இப்போதும் நேரெழுத்துதான் முதலில் வருகிறது. சாய்வெழுத்து அதற்கு அடுத்த வரியில்.