ஏழாவது போல்ட்

டார்ச் வெளிச்சம் சாப்பாட்டுத் தட்டளவு வட்டமாய் விழுந்திருக்கிறது, வட்டத்துக்குள் வெள்ளைப் பீங்கான் வளையம், அதன் விளிம்பைச் சுற்றி எட்டு போல்ட், வலப்பக்கம் கீழே இருக்கிற போல்ட்டின் தலையில் ஆலன் கீயை மாட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், இந்த போல்ட்டுக்கு நான் வைத்திருக்கிற பெயர் காலேஜ் ஸ்டாப், இங்கேதான் அந்த வெளிநாட்டு என்ஜினியர் ஆரம்பித்தான், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது, முதுகுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர், அதற்கு அப்பால் எட்டோ ஒன்பதோ பேர், எல்லாரும் பெரிய பெரிய இடங்களில் படித்தவர்கள், அவர்கள் பார்வை என் வெள்ளை உடுப்பைத் துளைத்துத் தோள்பட்டையில் ஊர்கிறது, டார்ச்சைப் பிடித்திருப்பது தாவூத் அண்ணன், இந்தத் தொழிற்சாலை ஆரம்பித்த நாளிலிருந்து இயந்திரங்களைத் துடைத்துத் துடைத்து வளர்த்த டெக்னீஷியன், முகமூடிக்குள்ளிருந்து மெதுவாகச் சொல்கிறார், அவசரப்படாத பாப்பா, இது ஒடஞ்சா நாம ரெண்டு பேரும் ஆம்பூர்ல பிரியாணிக் கடைதான் போடணும், அரிசி நான் கழுவறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவர் சொல்வது உண்மைக்கு மிகவும் பக்கத்தில் இருந்தது, சிலிக்கான் தகட்டுக்குள் போரான் அணுக்களை அடித்து இறக்கும் இயந்திரத்தின் தொண்டை இது, இந்த வளையத்துக்கு அடியில் உள்ள ரப்பர் சீல் வெடித்துக் காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, பதினொரு வாரமாக இயந்திரம் பிணம் மாதிரி கிடக்கிறது, புது ரப்பர் சீல் ஒன்றைக் கோயம்புத்தூரில் செய்துவிட்டோம், அதை வைக்க வேண்டுமென்றால் வளையத்தைக் கழற்ற வேண்டும், வளையம் நாடு முழுக்கத் தேடினாலும் இது ஒன்றுதான், செய்கிற கம்பெனி கடலுக்கு அப்பால் இருக்கிறது, அந்த நாட்டு அரசாங்கம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு வரிக் கடிதம் அனுப்பியது, இனி உங்களுக்கு இயந்திரம் கிடையாது, உதிரி பாகம் கிடையாது, ஆளும் வர மாட்டார், நாங்கள் செய்வது கரண்ட் மீட்டருக்குள் போகிற சில்லு, எந்த ஊரின் மீதும் குண்டாய்ப் போய் விழப்போவதில்லை, ஆனால் அந்தக் கடிதத்துக்கு அதெல்லாம் தேவையில்லை, சேலத்தில் ஒரு பீங்கான் கம்பெனிக்காரர் மூன்று வளையம் செய்து பார்த்தார், மூன்றும் சூட்டில் மயிரிழை விரிசல் விட்டுப் பிளந்தன, நாலாவது சரியாக வர இன்னும் ஒரு வருடம் ஆகலாம் என்கிறார், முதலாளிக்கு மூன்று மாதத்துக்குமேல் பொறுமை இல்லை, ஆகவே இது உடைந்தால் கேட்டில் பூட்டு, நூற்று நாற்பது பேர் வீட்டுக்கு.

அந்தக் கீ திரும்பியது, கால் சுற்று, காலேஜ் இளகிவிட்டது, யாருக்கும் தெரியாத விஷயம் என்னவென்றால் இந்த வளையத்துக்குப் பின்னால் கனமான குழாய் ஒன்று ஒரு பக்கமாய்ச் சாய்ந்து தொங்குகிறது, கார் டயர் கழட்டற மாதிரி எதிரெதிரா கழட்ட வேண்டியதுதானேம்மா என்று வெங்கடவரதன் சார் மீட்டிங்கில் கேட்டார், எங்கள் பிரிவுக்கு அவர்தான் தலைவர், அப்படிக் கழட்டினா பாரம் ஒரே போல்ட்ல ஏறி பீங்கான் படீர்னு போயிடும் சார், அவன் அப்படிக் கழட்டல, நான் பார்த்தேன் என்றேன், நீ எப்பப் பார்த்த என்று ஒருவர் கேட்டார், நாடாவுக்குள்ள இருந்தப்ப சார் என்றேன், மஞ்சள் நாடா, அது இப்போதும் என் கண்ணுக்குள் கட்டியிருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை ஹென்ரிக் என்கிறவன் வந்து இயந்திரத்தைச் சுற்றிக் கட்டுவான், ஆறடிக்கு மேல் உயரம், மூடியைத் திறந்தால் இந்த நாட்டு என்ஜினியர் ஒருவர்கூட நாடாவுக்குள் வரக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, வெங்கடவரதன் சாருக்கு முகம் சிவந்துவிடும், என்ன அவமானம் பாரு, நம்ம எடத்துக்குள்ளயே நம்மள வெளில நிக்க வைக்கிறான் என்பார், எனக்குள்ளே ஒன்று கசப்பாய்ச் சிரிக்கும், சார், கோடு கிழித்து வெளியே நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நாற்பத்தெட்டு வயதில் தெரிகிறது, எங்கள் தெருவில் அதைப் பள்ளிக்கூடத்தில் சேருமுன்பே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். நான் நாடாவுக்குள் போன வருடம் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான், இயந்திரத்தின் உள்ளே இருட்டு, ஹென்ரிக் டார்ச் பிடிக்க ஒரு ஆள் கேட்டான், சார் சுற்றுமுற்றும் பார்த்தார், விரல் என் மேல் வந்து நின்றது, இவள் வெறும் ஹெல்ப்பர், இவளுக்கு ஒன்றும் புரியாது என்று இங்கிலீஷில் சொன்னார், எனக்கு இங்கிலீஷும் புரிந்தது, என் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான், அந்தப் பட்டத்தை ஒரே வார்த்தையில் துடைத்துப் போட்டார், இப்போது கதையை மாற்றிச் சொல்கிறார், திட்டம் போட்டுத்தான் அவளை உள்ள அனுப்பினேன் என்று, கேட்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள், அன்றைக்கு அவர் முகத்தில் திட்டம் எதையும் நான் பார்க்கவில்லை, ஒல்லியாய் ஓரமாய் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்த முகம் அது. பேனா கூடாது, பேப்பர் கூடாது, போன் கூடாது, நாடாவுக்குள் போகுமுன் என் கைகளைத் திருப்பிப் பார்த்துத்தான் ஹென்ரிக் விட்டான், மனசைத் திருப்பிப் பார்க்க அவனிடம் ஏற்பாடு இல்லை, எட்டு போல்ட், எங்கள் ஊர் டவுன் பஸ்ஸுக்கு எட்டு ஸ்டாப், நாலு வருடம் நின்றுகொண்டே போன பஸ், போல்ட்டுக்கு ஒரு ஸ்டாப்பாகப் பெயர் வைத்தேன், அடியில் நடுவில் இருப்பது ரேஷன் கடை, அங்கிருந்து கடிகாரம் சுற்றுகிறபடி தோல் ஷாப்பு என்று நாங்கள் சொல்கிற தோல் பதனிடும் ஆலை, பாலம், ரயில்வே கேட், உச்சியில் சந்தை, அப்புறம் கோர்ட், ஆஸ்பத்திரி, காலேஜ், அவன் கை போகிற போல்ட்டில் எல்லாம் நான் ஒருமுறை இறங்கி ஏறினேன்.

காலேஜுக்கு அப்புறம் ஆஸ்பத்திரி, கீயை மாற்றுகிறேன், சுண்ணாம்பில் வெந்த கையோடு அம்மா அங்கே வரிசையில் நின்றுகொண்டிருக்கிறாள், தோல் ஷாப்பில் தோலிலிருந்து மயிர் எடுக்கிற வேலை, உள்ளங்கை முழுக்க வெள்ளை வெள்ளையாய் உரிந்திருக்கும், டாக்டர் கையைத் தொடாமல் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்தே களிம்பு எழுதுவார், கால் சுற்று, இளகிவிட்டது, கோர்ட், கோர்ட்டுக்குப் பக்கத்தில் தாலுகா ஆபீஸ், சாதிச் சான்றிதழுக்கு ஒன்பது தடவை நடந்தேன், அங்கே இருந்த கிளார்க் படிச்சு என்ன கலெக்டரா ஆவப் போற என்று கேட்டான், ஆனேன்னா உனக்குத்தான் முதல் சஸ்பெண்ட் என்று சொல்ல வாய் வரை வந்தது, சான்றிதழ் அவன் கையில் இருந்தது, விழுங்கினேன், இதுவும் இளகியது, தாவூத் அண்ணன் வெளிச்சத்தை நான் கேட்காமலே இடப்பக்கம் நகர்த்துகிறார், கேட், மூடிய ரயில்வே கேட்டில் பஸ் நிற்கும்போது கம்பியில் சாய்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன், எலெக்ட்ரான் ஒரு பக்கம் போனால் அது விட்டுப்போன காலியிடம் எதிர்ப் பக்கம் போகும், காலியிடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு என்று அந்தப் புத்தகத்தில் இருந்தது, பக்கத்தில் கோழிக்கூடையோடு நின்ற கிழவர் எட்டிப் பார்த்து, இன்னாம்மா இது, படமே இல்ல என்றார், கேட்டும் இளகியது, பாலம், கீழே ஆறு என்ற பெயரில் ஷாப்புக் கழிவின் நுரை ஓடும், ஜன்னலை மூடுவார்கள், நான் மூட மாட்டேன், அந்த நாற்றத்தில்தான் என் பீஸ் கட்டியது, கீ வழுக்குகிறது, கையுறைக்குள் வியர்வை, இன்னொரு தடவை மாட்டித் திருப்புகிறேன், வந்துவிட்டது, ஆறாவது, தோல் ஷாப்பு. அம்மா இறங்குகிற ஸ்டாப், எனக்கு ஏழு வயது, லீவு நாள், அவளோடு வந்திருக்கிறேன், முதலாளியின் கார் உள்ளே நுழைகிறது, நான் காரைப் பார்க்கிறேன், காருக்குள் இருக்கிறவரைப் பார்க்கிறேன், பின்கழுத்தில் அம்மாவின் ஈரக் கை விழுந்து தலையைக் கீழே அழுத்துகிறது, சொரசொரப்பான கை, கீழ பாருடி, பெரியவங்க வந்தா கீழ பாரு, அந்தக் கையில் கோபம் இல்லை, வேகாத அரிசியை உலையில் அழுத்துகிற மாதிரிதான் அழுத்தினாள், எத்தனை கார், எத்தனை பேர், கொஞ்ச நாளில் கை தேவைப்படவில்லை, யாராவது நேருக்கு நேர் பார்த்தால் கழுத்து தானாக மடிந்துகொண்டது, ஷாப்பும் இளகிவிட்டது.

ஆறு முடிந்தது, இரண்டு பாக்கி, உச்சியில் சந்தை, அடியில் ரேஷன் கடை, என் கை கீயோடு அந்தரத்தில் நிற்கிறது, இங்கேதான் பஸ் ஓட மாட்டேனென்கிறது, பதினொரு வாரமாக நான் யாரிடமும் சொல்லாத இடம் இது, சொன்னால் பார்த்தியா, ஹெல்ப்பரை நம்பினோம் என்பார்கள் என்று மறைத்த இடம், படுக்கையில் கண்ணை மூடினால் இங்கே வந்ததும் வெள்ளையாகிவிடும், இங்கே வந்து நின்றால் கை தானாக ஞாபகப்படுத்தும் என்று நம்பினேன், கை ஒன்றும் சொல்லவில்லை, ஆறாவதைக் கழற்றிவிட்டு ஹென்ரிக் முதுகை நிமிர்த்தினான், திரும்பினான், முகமூடிக்கும் தொப்பிக்கும் நடுவே இரண்டு வெளிறிய கண், என்னை நேராகப் பார்த்து உன் பெயர் என்ன என்று கேட்டான், அவ்வளவுதான் கேட்டான், என் கழுத்து மடிந்துவிட்டது, பெயரைத் தரைக்குச் சொன்னேன், மறுபடி நான் தலையைத் தூக்கியபோது வளையம் அவன் இரண்டு கைக்கு நடுவில் இருந்தது, இரண்டு போல்ட்டும் தட்டில் கிடந்தன, எது முன்னால், எது பின்னால். மாற்றிக் கழற்றினால் குழாய் சரிந்து பீங்கானைக் கடிக்கும், ஒரு சத்தம் கேட்கும், அதோடு சரி, பாதிக்குப் பாதி, போட்டுப் பார்த்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன், யாருக்குத் தெரியப்போகிறது, உடைந்தால் வளையம் பழசு என்று சொல்லிக்கொள்ளலாம், டார்ச் பிடித்திருக்கிற தாவூத் அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள், மேலேயிருந்து ஸ்பீக்கரில் வெங்கடவரதன் சார் குரல், என்னம்மா, நின்னுட்ட. நான் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தேன், ஏழாவது எனக்குத் தெரியாது சார், அதை நான் பார்க்கல என்றேன். ஸ்பீக்கரில் யாரோ நாற்காலியை இழுத்தது கேட்டது, பார்க்கலையா, அவர் குரல் ஏறியது, இவ்ளோ நாள் பார்த்தேன் பார்த்தேன்னு சொல்லிண்டு இருந்தியே, அங்க பார்க்காம வேற எங்க பார்த்துண்டிருந்த.

எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் திட்டத்தான் கேட்டார், ஆனால் அந்தக் கேள்வியை இத்தனை நாளில் நான் என்னையே கேட்டதில்லை, பார்க்காததை மட்டும் நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன், அந்த நேரத்தில் என் கண் திறந்துதானே இருந்தது, கீழே, கீழேதான், சாம்பல் நிறத் தரை, காற்று இறங்குவதற்காக வரிசை வரிசையாய்த் துளை போட்ட தரை, அதன் மேல் ஹென்ரிக்கின் இரண்டு கால், முழங்கால் வரை வெள்ளைத் துணி உறை, இடது கால் அப்படியே இருக்கிறது, வலது குதிகால் எழும்புகிறது, பெருவிரல் பக்கத்தில் துணி சுருங்கி மூன்று மடிப்பு விழுகிறது, அத்தனை உயரமான ஆள் எக்குகிறான், உள்ளடங்கி மேலே இருக்கிற எதையோ எட்டிப் பிடிக்க எக்குகிறான், குதிகால் அப்படியே நிற்கிறது, நான் என் பெயரின் கடைசி எழுத்தைச் சொல்லி முடிக்கிறேன், குதிகால் இறங்குகிறது, அதற்கு அப்புறம்தான் முழங்கால் மடிந்து என் பார்வைக்குள் வருகிறது, அடிப் போல்ட்டுக்காக அவன் குந்துகிறான், அம்மாவின் கை என் பின்கழுத்தில் இருக்கிறது, அது வெளிநாட்டுக்காரன் கட்டிய நாடாவுக்குள்ளும் என்னோடு வந்து தலையை அழுத்தியிருக்கிறது, நான் குனிந்ததற்கு நன்றி சொல்ல மாட்டேன், யாருக்கும் சொல்ல மாட்டேன், குனிய வைத்தவர்கள் இதை ஒரு புண்ணியமாக எழுதிக்கொள்ளவும் விட மாட்டேன், ஆனால் குனிந்த இடத்திலும் என் கண் வேலை செய்திருக்கிறது, அது என் கண். கீழ பார்த்துட்டு இருந்தேன் சார் என்றேன், அவன் காலைப் பார்த்துட்டு இருந்தேன், மேல் போல்ட்தான் முதல்ல.

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், நான் கேட்கவில்லை, நான் ஹென்ரிக் இல்லை, எனக்கு ஐந்தடிதான், இரண்டு குதிகாலையும் தூக்கி விரல் நுனியில் நின்று இயந்திரத்தின் இருட்டுக்குள் தோள் வரை கையை விட்டேன், சந்தை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் போல முட்டிக்கொண்டு நிற்கிற போல்ட், திருப்பினேன், அசையவில்லை, மறுபடி, பாப்பா என்கிறார் தாவூத் அண்ணன், பீங்கானுக்குள்ளிருந்து டிக் என்று ஒரு சின்னச் சத்தம், அது உடைகிற சத்தமா, இளகுகிற சத்தமா, கீ சட்டென்று இலேசானது, இளகிவிட்டது, குந்தி உட்கார்ந்து ரேஷன் கடையைத் திருப்பினேன், தானாக வந்தது, இளகிய எட்டையும் அதே வரிசையில் கழற்றித் தட்டில் போட்டதும் வளையம் என் இரண்டு உள்ளங்கைக்குள் முழுசாக இறங்கி உட்கார்ந்தது, விளிம்பெல்லாம் விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை, பிறந்த குழந்தையைத் தாதி வாங்குகிற மாதிரி தாவூத் அண்ணன் துணியை விரித்து வாங்கிக்கொண்டார், பிரியாணிக் கடை திறக்க வேண்டியதில்ல போல என்றார், அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணீரும் வந்தது, முகமூடி நனைந்தது. ஸ்பீக்கரில் வெங்கடவரதன் சார், சபாஷ்மா, வெளில வந்ததும் நம்ம டீமோட ப்ரொசீஜர்னு எழுதிக் குடுத்துடு, நான் கையெழுத்துப் போட்டுடறேன். எழுதறேன் சார், என் பேர் போட்டு எழுதறேன், ஒவ்வொரு ஸ்டெப்பும் எப்படித் தெரிஞ்சதுன்னும் எழுதறேன், ஏழாவது உள்பட என்றேன். கண்ணாடிக்கு அப்பால் அவர் கண்ணும் இப்பால் என் கண்ணும் நேருக்கு நேர் இருந்தன, யாருடையது முதலில் தாழ்ந்தது என்று நான் கவனிக்கவில்லை, எனக்கு வேலை இருந்தது, டார்ச் வெளிச்சம் இப்போது வளையம் இல்லாத இடத்தில் விழுகிறது, சுற்றிலும் எட்டுத் துளை, நடுவில் இத்தனை வருடமாக எங்களுக்கு யாரும் காட்டாத தொண்டை, அதன் ஓரத்தில் வெடித்துப்போன கறுப்பு ரப்பர், நான் தலை குனிந்து, நன்றாகவே குனிந்து, உள்ளே பார்க்கிறேன்.