கறுக்காத ஆயில்

மோகனூர் சுப்பையனுக்கு 1976ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலிருந்து வேர்வை கறுப்பாக வந்தது. அதற்கு முன்பு இருபத்தாறு வருஷமும் எல்லோருக்கும் வருவது போலத்தான் வந்துகொண்டிருந்தது. முதலில் பனியனின் அக்குளில் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. சித்திரை பிறப்பதற்குள் முதுகு முழுவதும் பரவி, துணி துவைக்கிற கல்லும் கறுத்துவிட்டது. அந்த வருஷம் கோடை மழை மூன்று நாள் பெய்தது. முட்டை விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

சுப்பையனின் அக்கா சௌந்திரத்தைக் கட்டியவர் ராசப்பன். அவரிடம் ஒரு டீசல் பிக்கப் வண்டி இருந்தது. நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் முட்டை ஏற்றிப் போய்ச் சேலத்தில் இறக்குவது தொழில். ராசப்பன் ஓட்டுவார். சுப்பையன் முட்டைத் தட்டுகளை அடுக்கிக் கட்டுவான், வண்டிக்கு வேண்டிய சாமான்களைச் சேலத்துக் கடைகளில் வாங்கி வருவான். முந்தின வருஷம் ஐப்பசியில் அப்படி அவன் வாங்கி வந்து மாட்டிய ஆயில் ஃபில்டர் ஆறே வாரத்தில் உள்ளுக்குள் கிழிந்துபோனது. கூழாகிப்போன காகிதம் ஆயில் போகிற வழியை அடைத்து, ராசிபுரம் பிரிவுக்கு அருகே நல்ல வெயிலில் இன்ஜின் இறுகி நின்றது. மெக்கானிக் சின்னுசாமி அந்த ஃபில்டரைத் தகரம் வெட்டும் கத்தரியால் பிளந்தார். டப்பா அசல் போலவே இருந்தது. உள்ளே மடித்து வைத்திருந்ததோ பள்ளிக்கூடத்துத் தேசப்படம். ஒரு மடிப்பில் வங்காள விரிகுடா நீலமாகத் தெரிந்தது.

சந்தேகப்படுவதில் ராசப்பனுக்கு ஒரு நிதானம் உண்டு. பால் நீர்த்திருந்தால் பால்காரரோடு நிறுத்தமாட்டார், மாட்டையும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அன்று மாலை சுப்பையனை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக் கேட்டார்.

“மாப்ள, தெரிஞ்சு வாங்குனியா, தெரியாம வாங்குனியா?”

“தெரியாமத்தானுங்க மாமா.”

“அந்தக் கடையில ஒக்காந்து டீ குடிச்சியாமே. தெரியாதவனுக்கு எவன் டீ வாங்கித் தருவான்?”

டீ குடித்தது நிஜம். மறுநாள் காலை காவிரியில் முழுகி எழுந்து, ஈர வேட்டியோடு மாமனுக்கு முன்னால் நின்று சத்தியம் செய்தான். “இனிமே இந்த வண்டிக்குள்ள எந்த அழுக்குச் சேந்தாலும் அது என்ர மேல வரட்டும்.” துணி துவைத்துக்கொண்டிருந்த நாலைந்து பெண்கள் அதைக் கேட்டார்கள். ராசப்பன், “பாக்கலாம்,” என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

இன்ஜினை இறக்கிச் சரிசெய்து மாட்ட மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. அதன் பிறகு சுப்பையன் புது ஃபில்டருக்காகச் சேலத்தில் மூன்று நாள் அலைந்தான். பதினோரு கடை ஏறி இறங்கினான். ஒவ்வொரு ஃபில்டரையும் கையில் வைத்து எடை பார்த்தான். ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்தி, தழும்பு விழுகிறதா என்று பார்த்தான். காகித மடிப்புகளை எண்ணினான், துளையில் வாய் வைத்து ஊதினான், டப்பாவில் அச்சடித்த எழுத்தைப் பக்கத்து டப்பாவின் எழுத்தோடு ஒட்ட வைத்துப் பார்த்தான். வரி ஆபீசிலிருந்து வந்த ஆள் என்று நினைத்து இரண்டு கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். பதினோராவது கடை செவ்வாய்ப்பேட்டைச் சந்து ஒன்றில் இருந்தது. கடையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் பூக் கட்டிக்கொண்டே, பேரோ ஊரோ எதுவும் அச்சடிக்காத ஒரு ஃபில்டரை எடுத்து வைத்தாள்.

“அழுக்குத் தங்காதுல்லீங்க?” என்று சுப்பையன் கேட்டான்.

“இதுலயா? ஒரு பொட்டுக்கூடத் தங்காது,” என்றாள் அவள். ஆயிலைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று சுப்பையன் நினைத்துக்கொண்டான்.

டீசல் வண்டியில் ஊற்றின ஆயில் இரண்டே நாளில் கறுத்துவிடும். ராசப்பனின் வண்டியில் கறுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து அளவுக் குச்சியை உருவிப் பார்த்தால் தேன் நிறத்தில் சொட்டியது. ஆறு மாதம் கழித்தும் அப்படியே. சின்னுசாமி குச்சியை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, “டீசல் வண்டின்னா ஆயில் கறுக்கோணுங்க. கறுக்கலைன்னாத்தான் நாம பயப்படோணும்,” என்றார். ராசப்பன் பயப்படவில்லை. மச்சினன் திருட்டுத்தனமாக ஆயிலை மாற்றுகிறான், பழைய தப்பை மறைக்கப் பார்க்கிறான் என்று முடிவு செய்தார். பானெட்டுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். ஆயில் அதன் பிறகும் தேன் நிறத்திலேயே இருந்தது. பூட்டு விற்றவன் இன்னொரு சாவியைச் சுப்பையனிடம் கொடுத்திருப்பான் என்று வேறு ஊரில் வேறு பூட்டு வாங்கினார். ஒன்றரை வருஷத்தில் நாலு பூட்டு மாறியது.

இதற்கிடையில் சுப்பையனைச் சேலத்து டாக்டர் ஒருவர் பரிசோதித்தார். நெற்றியில் துடைத்த பஞ்சை முகர்ந்து பார்த்து, ரத்தம் இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லி, சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். சின்னுசாமிதான் அவன் புறங்கழுத்தில் விரலை வைத்துத் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். “நாப்பதாம் நம்பர் இன்ஜின் ஆயிலுங்க. ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடுனது,” என்றார். அதைக் கேட்டதும் ராசப்பனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. பட்டறையில் வடித்த கழிவு ஆயிலை இவன் உடம்பில் பூசிக்கொள்கிறான். சத்தியம் பலித்துவிட்டதாக ஊரை நம்பவைக்கப் பார்க்கிறான். ஒரு நாள் நண்பகலில் அவனைக் கிணற்றடியில் உட்காரவைத்து, நாலு பேரைச் சாட்சிக்கு நிறுத்தி, சீயக்காய் போட்டு இரண்டு முறை குளிக்கச் சொல்லி, கோவணத்தோடு வெயிலில் நிறுத்தினார். கால் மணி நேரத்தில் நெஞ்சுக்குழியில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியது. சாட்சிகள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். ராசப்பன் சீயக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்து வெகுநேரம் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வருஷங்கள் போயின. வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை, அந்த ஃபில்டரை மாற்றவும் வேண்டியிருக்கவில்லை. சுப்பையனுக்கு வந்த மூன்று சம்பந்தங்கள் கலைந்தன; மூன்றாவது வீட்டில் அவன் உட்கார்ந்து எழுந்த நாற்காலியை அவன் கண்ணெதிரிலேயே கழுவினார்கள். அதன் பிறகு அவன் கறுப்புச் சட்டை மட்டுமே போட்டான். அதைப் பார்த்துக் கட்சிக்காரன் என்று நினைத்து இரண்டு முறை கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், அவனும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தான்.

1983இல் மழை பொய்த்தது. கிணறுகள் வற்றிப்போக, முட்டையோடு பண்ணைகளுக்குத் தண்ணீர் டிரம்மும் ஏற்றி வண்டி இரட்டை ஓட்டம் ஓடியது. சுப்பையனின் வேர்வை தார் போலக் கெட்டிப்பட்டது. வைகாசியில் ஒரு நாள் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். கட்டிலில் கிடத்தினால் கயிற்றிலிருந்து தரைக்குச் சொட்டியது. மூச்சு விடும்போது தொண்டையில், பழைய வண்டி சாவியைத் திருப்பியும் கிளம்பாமல் இழுப்பது போல ஒரு சத்தம்.

சௌந்திரம் தம்பியின் கழுத்தைத் துடைத்தாள், துணியைப் பிழிந்தாள், மறுபடி துடைத்தாள். பிறகு வெளியே வந்து, “ஏனுங்க, அந்த ஃபில்டரக் கழட்டிருங்க,” என்றாள்.

“கழட்டி? இன்ஜின் போச்சுன்னா?”

“இன்ஜினுக்காக நீங்க யோசிக்கல. அதக் கழட்டுனா அவன் தேறிடுவான்னு உங்களுக்குத் தெரியும். தேறிட்டான்னா ஏழு வருசமா நீங்க அவனப் போட்டு வதைச்சது தப்புன்னு ஆயிரும். அதுக்குத்தான் கையி வரமாட்டேங்குது.”

ராசப்பன் வேலி ஓரமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து சுப்பையனின் குரல் கேட்டது. “உடுங்கக்கா. வேர்வதான. கழட்டுனதுக்கப்புறம் வண்டி நின்னுச்சுன்னா, மாமா மறுக்கா என்னையத்தான் கேப்பாரு.”

சௌந்திரம் புருஷனின் இடுப்பில் கையை விட்டுச் சாவியை அறுத்து எடுத்தாள். பானெட்டைத் திறந்து, முன்பெல்லாம் சின்னுசாமி செய்வதை எத்தனையோ முறை பார்த்திருந்ததால் எதைத் திருக வேண்டும் என்று தெரிந்து திருகினாள். ஃபில்டர் கையோடு வந்தது. உள்ளே காகிதம் புது வேட்டி போல வெள்ளையாக இருந்தது. ராசப்பன் அதை வாங்கிப் பார்த்தார், விரலை விட்டுத் தடவிப் பார்த்தார், விரலையும் பார்த்தார்.

அன்றைக்கே அவள் பஸ் ஏறிச் சேலம் போனாள். முதல் கடையிலேயே கேட்டாள்: “இது அழுக்கப் புடிக்குமுங்களா?”

“பிடிக்கும்மா. அதான் அதோட வேலை. ஆனா கறுத்துப் போயிரும், அப்பப்ப மாத்தணும்.”

“அது கறுக்கோணும். அதுதான் வேணும்,” என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

புது ஃபில்டர் மாட்டிய மூன்றாம் நாள் ஆயில் மை போலக் கறுத்தது. ஒன்பதாம் நாள் சுப்பையன் எழுந்து உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டான். ஆடி மாதத்தில் மறுபடியும் வண்டி ஏறினான். புதன்சந்தை தாண்டும்போது அவன் கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கியது. ராசப்பன் வண்டியை ஓரங்கட்டி, தன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டால் அதை ஒற்றி எடுத்து, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். ஈரம் மட்டும்தான் இருந்தது. துண்டை மடித்தார், பிரித்தார், இன்னொரு முறை பார்த்தார்.

“மாப்ள,” என்றார். “அன்னைக்கு அந்த டீ…”

“சும்மாக் குடுத்தாங்க மாமா. குடிச்சேன்.”

“செரி,” என்று சொல்லிவிட்டு ராசப்பன் வண்டியை எடுத்தார். சேலம் வரும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் ஓட்டினார், தூசி என்றார்.

கழற்றிய ஃபில்டரைப் பற்றிக் கேள்விப்பட்டு லாரி முதலாளிகள் சிலர் வந்தார்கள். யாராவது சத்தியம் செய்தால்தான் வேலை செய்யும் என்றதும் ஒருவர் தன் கிளீனரைக் கூட்டி வந்தார், இன்னொருவர் தன் தம்பியையே கூட்டி வந்தார். சௌந்திரம் இருவரையும் வாசலோடு அனுப்பிவிட்டு, ஃபில்டரைச் சம்மட்டியால் தட்டையாக்கிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டாள்.

அடுத்த வருஷம் சுப்பையனுக்கும் மாரக்காளுக்கும் கல்யாணம் நடந்தது. அவள் அப்பா லாரிக்குப் பெயிண்ட் அடிப்பவர். வீட்டு ஆண்கள் தினம் ஒரு நிறத்தில் வந்து சோற்றுக்கு உட்காருவதைப் பார்த்து வளர்ந்தவள். 1986 மாசியில் பெண் குழந்தை பிறந்தது, ஆத்தாயி என்று பேர் வைத்தார்கள். பங்குனி வெயில் ஏறியபோது குழந்தையின் பிடரியில் சாம்பல் நிறத்தில் லேசாக ஈரம் கசிந்தது. மாரக்காள் அதைத் துடைத்துவிட்டுப் பால் கொடுத்தாள். யாரும் டாக்டரிடம் போகவில்லை. ராசப்பன் முட்டையை இறக்கிவிட்டு வரும் வழியில் அம்மாபேட்டைக்குள் வண்டியைத் திருப்பி, யாரும் சொல்லாமலே, குழந்தைக்குச் சட்டை தைக்கக் கருநீலத் துணி ஆறு கஜம் வாங்கி வந்தார்.