பலகை அடித்த வென்டிலேட்டர்

வீட்டுக்காரருக்கு ஒரு பெருமை உண்டு. மாடியில் குடியிருப்பவர்கள் காலையில் ஒரு குறை சொன்னால் சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். அதுவும் அவர் கையாலேயே. பிளம்பருக்குச் சொல்லியனுப்பிவிட்டுக் காத்துக் கிடப்பதெல்லாம் அவருக்கு ஆகாது. தெருவே அவரைச் 'சுத்தியல்' என்றுதான் கூப்பிடும். அவருக்கும் அதில் உள்ளூரக் குஷிதான்.

மாடியில் ஒரு வேன் டிரைவரும் அவன் மனைவியும் இருந்தார்கள். ஒரு நாள் அவள் இரண்டு குறை சொன்னாள். குளியலறைத் தாழ்ப்பாள் ஆடுகிறது. வென்டிலேட்டர் வழியாகப் புறா வந்து அசிங்கம் பண்ணுகிறது. சுத்தியல் புதுத் தாழ்ப்பாளை நீளத் திருகாணி போட்டு முறுக்கினார். வென்டிலேட்டர் மேல் பலகை அடித்து, இண்டு இடுக்கெல்லாம் பசை பூசினார். இனி புறா என்ன, எறும்புகூட நுழையாது என்று தன் மனைவியிடம் மார்தட்டிக்கொண்டார்.

மறுநாள் ஹார்டுவேர் கடையிலும் அதே கதையை அளந்துகொண்டிருந்தார். சாமான் வாங்க வந்திருந்த பிளம்பர், குளியலறையில் என்ன ஹீட்டர் என்று கேட்டான். கேஸ் ஹீட்டர் என்றார்.

பிளம்பரின் முகம் மாறியது. "அண்ணே, உள்ள கேஸ் எரியுதுன்னா காத்து போக வழி வேணும். அடைச்சிட்டா விஷம். வாசனைகூட வராது. குளிக்கிறவங்க அப்படியே சரிஞ்சிடுவாங்க."

சுத்தியல் கடைக் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தேகால். புருஷன் வேனை எடுத்துக்கொண்டு போனதும் அவள் குளிக்கப் போவாள்; தினமும் அந்த நேரத்துக்குக் குழாய் உறுமுவது இவர் சமையலறைச் சுவரில் கேட்கும். ஓடிக்கொண்டே அவள் போனுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. வயிறு பெருத்த மனுஷன் தெருவில் விழுந்தடித்து ஓடுவதைப் பார்த்து இரண்டு பேர் சிரித்தார்கள். மூச்சு வாங்கியதில் பாதி ஓட்டம்தான், மீதி பயம்.

மாடிக் கதவைத் தட்டினார். பதில் இல்லை. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

மாற்றுச் சாவி பையில்தான் இருந்தது. ஆனால் இரண்டு மாதம் முன்பு, ஒழுகும் குழாயைப் பார்க்கிறேன் என்று கேட்காமல் இதே சாவியால் உள்ளே போயிருந்தார்; அங்கே அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வேன் டிரைவர் தெருவே கேட்கும்படி கத்தியிருந்தான். இனி அந்தச் சாவியைத் தொடுவதில்லை என்று அன்றைக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டால்? ஒரு பெண் குளிக்கும் நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு போன கிழவனை யார் நம்புவார்கள்? கை சாவியைத் தொட்டது, விட்டது. கீழே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். அவள் மூட்டுவலியோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். அத்தனை படிக்கும் அவர் கதவைத் தட்டிக்கொண்டே நின்றார்.

விஷயத்தைக் கேட்டதும் மனைவி, "திறந்து தொலைங்க" என்றாள்.

திறந்தார். குளியலறைக் கதவில் தோளைக் கொடுத்து மோதினார். தாழ்ப்பாள் அசையவில்லை. தன் கைவேலையைத் தானே சபித்துக்கொண்டு, கடப்பாரையை எடுத்துவந்து நெம்பினார். ஐந்தாவது நெம்பலில் கதவு பிளந்தது. அவள் தரையில் கிடந்தாள். மனைவி துண்டைப் போர்த்த, இருவருமாக பால்கனிக்கு இழுத்தார்கள். மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸுக்கும் வேன் டிரைவருக்கும் போன் அடித்தார்.

மருத்துவமனையில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பிழைத்துவிடுவாள் என்று டாக்டர் சொன்னதும் வேன் டிரைவர் இவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதான். தெய்வம் மாதிரி வந்தீங்க என்றான். பலகை அடித்தது தான்தான், அதனால்தான் இப்படி ஆனது என்று சுத்தியல் சொன்னார். அவன் கையை விட்டான். ஆனாலும் போகச் சொல்லவில்லை.

சாயங்காலம் அவள் கண் திறந்தாள். குரல் கரகரத்தது.

"நீங்க தட்டினது கேட்டுச்சு அண்ணே. எந்திரிக்க முடியல, கத்தவும் வரல. அண்ணன்கிட்ட சாவி இருக்கு, இப்ப வந்துடுவார்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன். ஏன் அவ்வளவு நேரம் தட்டிக்கிட்டே இருந்தீங்க?"