அடுத்த மாடல் வரட்டும்

என் கணவன் ஸ்ரீஹர்ஷாவிடம் ட்ரோன் கிடையாது. ஆனால் கேமரா ட்ரோன்களைப் பற்றி அவனைவிட அதிகம் தெரிந்தவன் மல்லேஸ்வரத்திலேயே ஒருவன்தான் உண்டு. அவன் பெயர் ப்ரஹ்லாத். அவன் கையிலும் யாரும் ட்ரோனைப் பார்த்ததில்லை.

இருவரும் சேர்ந்து 'முதல் ட்ரோன், பெங்களூரு' என்று ஒரு வாட்ஸப் குரூப் நடத்துகிறார்கள். உறுப்பினர்கள் எல்லோரும் சாஃப்ட்வேர்காரர்கள். ஞாயிறு காலையில் ஓட்டலில் கூடி, மசால் தோசையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே சென்சார் அளவு என்ன, பேட்டரி எத்தனை நேரம் தாங்கும், காற்றில் ஆடுமா ஆடாதா என்று சிரத்தையாக விவாதிப்பார்கள். ஒருவனும் இன்றுவரை வாங்கியதில்லை. நகரத்தில் பல இடங்களில் அனுமதியில்லாமல் ட்ரோன் விடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இவர்களால் அந்தச் சட்டத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை.

வாங்காததற்குக் காரணம் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். தொழில் தர்மம். புதிதாக வெளிவரும் முதல் வெர்ஷனைத் தொடவே கூடாது என்பது இவர்கள் ஆபீஸில் கற்ற பாடம். அதில் பிழை இருக்கும். வாங்கி அவஸ்தைப்பட வேறு யாராவது முட்டாள் கிடைப்பான், கம்பெனி திருத்தட்டும், அப்புறம் பார்க்கலாம். சரி, திருத்தினார்களா? திருத்தினார்கள். அதற்குள் அது பழசாகிவிட்டது. அடுத்த மாடல் வரப்போகிறது என்று எவனோ ஒருவன் யூட்யூபில் மங்கலாக ஒரு படத்தைக் காட்டியிருப்பான். புதுசு வரப்போகும் நேரத்தில் பழசை வாங்குவார்களா? புதுசும் வந்தது. ஆனால் அது முதல் வெர்ஷன் ஆயிற்றே, தொடலாமா? இப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

எனக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, எனக்கே ஒரு ட்ரோன் தேவைப்படும்வரை.

நான் ஒரு கம்பெனியில் வீடியோ எடிட்டராக இருந்தவள். அதை விட்டுவிட்டு, வீடு விற்பவர்களுக்கும் ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கும் சின்னச் சின்ன வீடியோக்கள் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். யுகாதிக்குள் நிலையான வேலை ஒன்று அமையாவிட்டால், ஹர்ஷாவின் ஆபீஸிலேயே டெஸ்டிங் பிரிவில் சேர்ந்துவிடுவதாக எங்களுக்குள் ஒப்பந்தம். ஒப்பந்தம் என்றால், அவன் சொன்னபோது நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். மறுபடி ஆபீஸுக்குப் போக எனக்குத் துளியும் இஷ்டமில்லை.

அப்போதுதான் கோதண்டராமன் வந்தார். சர்க்கார் வேலையிலிருந்து ரிடயர் ஆனவர். ஊருக்கு வெளியே மாகடிப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் மூன்று ஓட்டு வீடுகளைக் கட்டி, விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விட ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

"ஏரி, தோப்பு, மூணு வீடு, எல்லாம் ஒண்ணாத் தெரியணும்மா" என்றார். "மேலேர்ந்து எடுத்தாத்தான் அழகு. நன்னா வந்துதுன்னா வருஷம் பூரா எங்க வேலையெல்லாம் உனக்குத்தான். என் சிநேகிதாளும் ரெண்டு மூணு பேர் இதே மாதிரி கட்டிண்டிருக்கா."

தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று போனில் எடுத்துப் பார்த்தேன். ஏரியில் பாதியை ஒரு புளியமரம் மறைத்தது. வீடு திரும்பியதும் ஹர்ஷாவிடம் உடனே ஒரு ட்ரோன் வேண்டும் என்றேன். அவன் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை.

"முதல் ட்ரோன், நிரு. அவசரப்படவே கூடாது. நான் பாத்துக்கறேன்" என்றான்.

பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். நானே கடைக்குப் போய் ஒன்றை வாங்கி வந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு படித்தவனுக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்று நம்பினேன். போதாக்குறைக்கு ப்ரஹ்லாத்தும் போன் செய்தான்.

"ஆறே வாரம் பொறு, நிருபமா. புது மாடல் சகத்தா, பிரமாதமா இருக்கப்போறது" என்றான். பிறகு எந்த ஏரி, யாருடைய வீடு, மாகடி ரோட்டில் எந்தப் பக்கம் என்றெல்லாம் ரொம்ப அக்கறையாக விசாரித்தான். எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.

ஆறு வாரம் கழித்துப் புது மாடல் வந்தது. முதல் வெர்ஷன், வேண்டாம் என்றது குரூப்.

கோதண்டராமன் போன் செய்தார். "ஏம்மா, உங்க ஆத்துக்காரர் ட்ரோனை வாங்கறாரா, இல்ல அவரே தயார் பண்றாரா?"

"இந்த வாரம் கண்டிப்பா, சார்."

"வேண்டாம்மா. வேற ஒருத்தர் கிடைச்சுட்டார். சனிக்கிழமை வர்றார். தப்பா எடுத்துக்காதே."

அன்று சாயங்காலம் ஹர்ஷா, டெஸ்டிங் பிரிவு இன்டர்வியூ திங்கட்கிழமை என்று சந்தோஷமாகச் சொன்னான். தன் மேனேஜரிடம் ஏற்கெனவே பேசி வைத்திருந்தான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் எதற்காகவும் காத்திருக்கவில்லை.

சனிக்கிழமை காலை அவனிடம் சொல்லாமல் மாகடிக்குக் கிளம்பினேன். காலில் விழுந்தாவது இன்னொரு வாய்ப்புக் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். கேட்டைத் தாண்டும்போதே தூரத்தில் மிக்ஸி ஓடுவது போன்ற சத்தம் கேட்டது. ஏரிக்கு மேலே ட்ரோன் பறந்துகொண்டிருந்தது. மாமரத்தடியில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக, கையில் ரிமோட்டோடு ப்ரஹ்லாத் நின்றிருந்தான்.

"வாம்மா" என்று கோதண்டராமன் வரவேற்றார். "இவர்தான். மூணு வருஷமா இதே வேலையாம். கல்யாணம், ரிசார்ட்டு, எல்லாம் எடுக்கறாராம்."

எனக்கு வந்த கோபத்தில் ட்ரோனோடு சேர்த்து அவனையும் ஏரியில் தள்ளியிருப்பேன். கோதண்டராமன் காபிக்குச் சொல்ல உள்ளே போனதும் அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"இது என்ன மாடல்?"

அவன் தரையைப் பார்த்தான். "பழசுதான். போன மாடலுக்கு முந்தினது."

"குரூப்ல இதை மியூசியத்துல வைக்கணும்னு சொன்னியே."

"நான் யாரையும் வாங்காதேங்கோன்னு சொன்னதே இல்ல, நிரு. காத்திருங்கோன்னுதான் சொன்னேன்."

"என்னையுமா?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "யோசிச்சுப் பாரு. குரூப்ல இருக்கறவா எல்லாரும் வாங்கிட்டா, சனி ஞாயிறு எனக்கு யாரு வேலை கொடுப்பா? ஹர்ஷாகிட்ட மட்டும் சொல்லிடாதே, ப்ளீஸ்."

அவன்மேல் வந்த ஆத்திரத்தைவிட, இவனை நல்லவன் என்று நம்பி வழியெல்லாம் சொல்லிக் கொடுத்த என்மேல் வந்த ஆத்திரம் அதிகம். அதற்குள் கோதண்டராமன் திரும்பி வந்து, அதுவரை எடுத்ததைப் போட்டுக் காட்டச் சொன்னார். ப்ரஹ்லாத் காட்டினான். ட்ரோன் சர்ரென்று ஏறியது, சுழன்றது, தோப்புக்குள் பாய்ந்தது, மறுபடி ஏறியது.

"தலை சுத்தறதே" என்றார் அவர், நெற்றியைப் பிடித்துக்கொண்டு. "வீடு எங்க இருக்கு இதுல?"

விட்டேனா நான்? "ரிமோட்டைக் கொடு" என்றேன். ப்ரஹ்லாத் தயங்கினான். "நீ இந்த வேலையை எப்படிப் பிடிச்சேன்னு சாருக்குச் சொல்லட்டுமா?" என்று காதோரம் கேட்டதும் கொடுத்துவிட்டான். கூடவே நின்று எந்தக் குச்சியை எந்தப் பக்கம் தள்ளுவது என்றும் சொல்லிக் கொடுத்தான். ஆபத்து வந்தால் மனுஷன் எவ்வளவு நல்ல ஆசிரியராகிவிடுகிறான்!

முதல் இரண்டு தடவை ட்ரோன் தாறுமாறாக ஆடியது. மூன்றாவது தடவை கரையை ஒட்டித் தாழ்வாக, மெதுவாக விட்டேன். தண்ணீர், படித்துறை, மூன்று கூரைகள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து தோப்பு முழுவதும். வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. திரையில் அது விரிந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. எட்டு வருஷம் மற்றவர்கள் எடுத்ததை வெட்டி ஒட்டியவள் நான். இது நானே எடுத்தது.

கோதண்டராமன் இரண்டு முறை போட்டுப் பார்த்தார். "இதைத்தாம்மா கேட்டேன்" என்றார். வருஷத்து வேலை எனக்கே என்றும், இனி இவர் வர வேண்டாம் என்றும் சொன்னார். ப்ரஹ்லாத்திடம் அதே மாடலில் உபரியாக இன்னொன்று இருந்தது. அதை அன்றே என்னிடம் விற்றுவிட ஒப்புக்கொண்டான். பையைக் கார்வரைக்கும் தூக்கியும் வந்தான்.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜைமேல் ட்ரோனைப் பார்த்ததும் ஹர்ஷா பாம்பைக் கண்டவன் போலப் பின்வாங்கினான்.

"நிரு! இது போன மாடலுக்கு முந்தின மாடல்!"

"தெரியும். உன் ப்ரஹ்லாத்கிட்ட வாங்கினது. மூணு வருஷமா இதை வெச்சுண்டு சம்பாதிக்கறான். என் வேலையையும் பிடுங்கப் பாத்தான். உங்களையெல்லாம் காத்திருக்கச் சொன்னதே அதுக்குத்தான்."

ஒன்றையும் மறைக்காமல் நடந்ததை முழுவதும் சொன்னேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தான். இப்போதாவது கோபப்படுவான், நண்பனுக்குப் போன் போட்டுத் திட்டுவான், எனக்காக ஒரு வார்த்தை பேசுவான் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கடைசியில் அவன் முகம் தெளிந்தது.

"பாத்தியா? அதான் அவன் அவ்வளவு உறுதியாக் காத்திருக்கச் சொல்றான். மூணு வருஷம் யூஸ் பண்ணின அனுபவம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு நிமிஷம் நிஜமாகவே வலித்தது. எடிட் செய்ய லேப்டாப்பைத் திறந்தேன்.

"அதெல்லாம் சரி, திங்கட்கிழமை இன்டர்வியூ ஞாபகம் இருக்கில்ல?" என்றான் அவன்.

"நான் வரலை. உன் மேனேஜர்கிட்ட சொல்லிடு, இவ பழைய மாடல், எடுத்துக்காதீங்கோ, மே மாசம் இதைவிட நல்லது வருதாம்னு."

அவன் அதையும் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தான் என்பதுதான் கொடுமை.