எர்த்துக்குத் தண்ணி

பொன்னம்மாள் அக்காளுக்கு சீரியல் தெளிவாத் தெரியணும். அதுக்காக ஒரு பொண்ணு செத்துப்போனா. சுத்தி வளைச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது.

செட்டிகுளத்துல அவங்க வூட்டுக்கும் எங்க வூட்டுக்கும் நடுவுல ஒரு வேலிதான். அக்கா புருஷன் வெள்ளைச்சாமி என் வூட்டுக்காரருக்குப் பெரியப்பா மவன். பாகம் பிரிச்சப்ப சண்டையாகி, உங்க வாசலை மிதிச்சா நான் மனுசனே இல்லன்னுட்டுப் போனவரு. கரண்டு கம்பம் எங்க கொல்லையில நிக்குது. அந்தக் கோடையில, கம்பத்துலேருந்து அவங்க வூட்டுக்குப் போற நியூட்ரல் ஒயரு அத்துப் போச்சு. புதுசா இழுக்கணும்னா எங்க கொல்லைக்குள்ள வரணும். தாராளமா வாங்கன்னு நாங்களே சொல்லி வுட்டோம். வரல. ரோஷமாம், பெரிய ரோஷம்.

அதுக்குப் பதிலா மாட்டுக்கொட்டாய் ஓரமா எர்த்துன்னு ஒரு கம்பிய மண்ணுல அடிச்சு, நியூட்ரலை அதுல கட்டிட்டாரு. லைட்டு எரிஞ்சுது. மண்ணு காஞ்சா மங்கும், கம்பியடியில உப்புத்தண்ணி ஊத்துனா மறுபடி பளிச்சுனு எரியும். கரண்டு திரும்பிப் போற வழியே அந்தக் கம்பிதான், பட்டா ஆளே காலின்னு ஒயர்மேன் தலையில அடிச்சுக்கிட்டாரு. ஊத்தித்தான் ஆவணும்னா மெயினை அணைச்சுட்டு ஊத்துங்கன்னாரு. யாரு காதுல ஏறுச்சு?

ஊத்துற வேலை மூத்த மருமவ பரிமளா தலையில வுழுந்துச்சு. காலெல்லாம் சுர்ருங்குது சின்னத்தைன்னு வேலியோரம் நின்னு எங்கிட்ட அழுவா. மெயினை அணைக்கச் சொன்னா, வேலைக்கு வளையாதவன்னு அக்கா ஏசுமாம். சீரியல் பாதியில நிக்கக் கூடாதே! விளங்குமா அந்தக் குடும்பம்?

பாவம், பிளாஸ்டிக் குடத்துலதான் பயந்து பயந்து ஊத்திக்கிட்டிருந்தா. அன்னிக்கி விளக்கு வைக்கிற நேரம் அது ஓட்டையாயிருச்சு. அக்கா டிவி முன்னாடி உக்காந்தபடியே சொன்னது எனக்கே கேட்டுச்சு.

"உங்கப்பன் சீராக் குடுத்த எவர்சில்வர் குடம் சும்மாத்தானே கெடக்கு. அதுல ஊத்து."

ஈரத்துல வெறுங்காலோட குனிஞ்சா. குடம் கம்பியில பட்டுச்சு. கத்தக் கூட இல்ல. நான்தான் வேலியத் தாண்டி ஓடி மெயினை அணைச்சேன். டிவி நின்னப்பறந்தான் பொன்னம்மாள் அக்கா எழுந்திரிச்சு வந்துச்சு.

பாடாலூர்லேருந்து அவ அப்பன் வர்றதுக்குள்ள நெஞ்சுவலின்னு பேசி முடிச்சுட்டாங்க. பொணத்த வாசல்ல கெடத்தி லைட்டைப் போட்டாங்க. கொஞ்ச நேரத்துல அது மங்க ஆரம்பிச்சுது. அப்பத்தான் வெள்ளைச்சாமி எங்க வாசலை மிதிச்சாரு.

"சனம் இருட்டுல தடுமாறுது. ஒரு பிளாஸ்டிக் குடம் இருந்தாக் குடு சிந்தாமணி."

நாசமாப் போவீங்கன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். மனுசன் நகரல. வேலிக்கு அந்தப் பக்கம் கம்பியோரமா சின்ன மருமவ சிவரஞ்சனி, அதே எவர்சில்வர் குடத்த இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்கிறா.

உள்ள போயி எங்க பிளாஸ்டிக் குடத்தை எடுத்தாந்து குடுத்தேன்.