கடலைமிட்டாய்ப் பை

தங்கச்சாமியின் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது நான் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தேன். குவைத்தில் டிரைவராக இருக்கும் என் மகன் ஜெஸ்டின் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகுதான் பேசுவான். அன்றைக்குப் புதன். ஈரக் கையோடேயே ஓடினேன்.

பேசியது ஜெஸ்டின் இல்லை, மணியாச்சிப் பையன் செண்பகராஜ். இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார்கள்.

"மாமா, பதறாம கேளுங்க. ஜெஸ்டின அமெரிக்காக்காரன் பிடிச்சு வச்சிருக்கான்."

"எங்கல? குவைத்துலயா?"

"ஈராக்குல மாமா. நாங்க ரெண்டு மாசமா அங்கதான் ஓட்டுதோம். வீட்டுல சொல்லாதன்னு அவன்தான் சொன்னான்."

பட்டாள முகாம் வாசலில் லாரிகளை நிறுத்தி நாயை விட்டுச் சோதிப்பார்களாம். ஜெஸ்டின் வண்டியைச் சுற்றி வந்த நாய், டிரைவர் பக்கத்துக் கதவோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டதாம். நாய் உட்கார்ந்தால் வெடிமருந்து இருக்கிறது என்று அர்த்தம். சீட்டுக்கு அடியில் இருந்தது நான் கொடுத்தனுப்பிய துணிப்பை. அதற்குள் மூன்று கிலோ கடலைமிட்டாய்.

"தலையில சாக்கக் கவுத்து இழுத்துட்டுப் போயிட்டான் மாமா. ஆறு நாளாச்சு. பை யாருதுன்னு கேட்டா, ரோட்டுல கெடந்துச்சுங்கானாம். வேற வாயே தெறக்க மாட்டேங்கானாம்."



நான் முப்பத்தொரு வருஷமாகத் தீப்பெட்டிக் கம்பெனியில் மருந்து முக்குகிறவன். குச்சி அடுக்கிய சட்டத்தை மருந்துத் தட்டில் தொட்டு எடுப்பது என் வேலை. அந்தத் தட்டை மூடி வைக்கிற கெட்டித் துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைத்து, நானே பையாகத் தைத்தேன். லீவில் வந்தவன் திரும்பும்போது ஊர்ப் பொட்டலமெல்லாம் அவன் தலையில்தான் ஏறும். அப்படித்தான் லீவில் வந்திருந்த செண்பகராஜிடம் கொடுத்துவிட்டேன். என் மருமகள் ஜீனா பசுவந்தனையில் வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டுப் பெண். பையை மோந்து பார்த்துவிட்டு, "மருந்து வாடை அடிக்குதே மாமா" என்றாள். "சோறு போடுத மருந்து ஒனக்கு வாடையா இருக்கோ?" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். என் மூக்கில் எப்போதும் அந்த வாடைதான். அது வாடை என்றே எனக்குத் தெரியாமல் போனது.

ஈராக்குக்காரன் ஏதோ பெரிய ஆயுதத்தை ஒளித்து வைத்திருக்கிறான் என்று சொல்லித்தான் அமெரிக்காக்காரர்கள் அந்தச் சண்டையையே ஆரம்பித்தார்கள். எல்லாம் எண்ணெய்க்காகத்தான் என்று எங்கள் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எதற்காகவோ இருக்கட்டும். எட்டு மாதமாகத் தோண்டிய பயல்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அகப்பட்டது என் பை.

ஜீனாவிடம் எப்படிச் சொல்வது என்று தெருவை மூன்று முறை சுற்றினேன். ஒளித்துப் பயனில்லை என்று தோன்ற, உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. "அந்தப் பையா மாமா?" என்று மட்டும் கேட்டாள். அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலையில் முதலாளி பூவனநாதன் அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன். பால்துரை என்கிற ஆள் எங்களிடம் மருந்து முக்குகிறார், பை அவருடையது, வாடை தீப்பெட்டி மருந்து வாடை என்று இங்கிலீஷில் ஒரு கடிதம் கேட்டேன். அண்ணாச்சிக்கு முகம் வெளிறிவிட்டது.

"என்ன வே வெளையாடுதீரா? வெடிமருந்துன்னு பட்டாளத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுதீரு. நாளைக்கு என் லைசென்சு என்னாகும்? என்னையவே வந்து தூக்கிட்டுப் போனா?"

"அண்ணாச்சி, எம் பிள்ளைய ஏற்கெனவே தூக்கிட்டாங்க."

அவருக்குப் பயம், எனக்குப் பயம். பிறகு அவரே டைப்பிஸ்டைக் கூப்பிட்டார். கையெழுத்துப் போடும்போது பேனாவை இரண்டு தடவை கீழே வைத்தார். என் போட்டோவையும் ஒட்டி, மேலே கம்பெனி முத்திரையைக் குத்தி, குவைத் கம்பெனிக்கு ஃபேக்ஸ் அனுப்பினோம். அதைச் செண்பகராஜ் முகாமுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு.

அதற்குப் பிறகு நாலு நாள் நான் மனுஷனாக இல்லை. பூத்தில் மணி அடித்தால் ஓடுவேன். யாருக்கோ வந்த போனாக இருக்கும். பல்லி விழுந்தால் பயம், தந்திக்காரன் சைக்கிள் தெருவில் திரும்பினால் பயம். ஜீனா மாதா கோயிலே கதி என்று கிடந்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் போன் வந்தது. ஜீனாவும் கூடவே ஓடிவந்தாள்.

"அப்பா... நீங்க எங்க இருக்கீங்க?"

அவன் குரல்தான். "ஏலே, கோவில்பட்டியிலதாம்ல இருக்கேன். வேற எங்க இருப்பேன்? ஒன்ன விட்டுட்டானா?"

"விட்டுட்டான். நான் கம்பெனி ரூம்லதான் இருக்கேன். ஒங்கள எப்ப விட்டாங்க?"

"என்னைய யாருல பிடிச்சா?"

"பொய் சொல்லாதீங்கப்பா. பக்கத்துல துப்பாக்கியோட யாரும் நிக்காங்களா? ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் அழுதுகொண்டே சொன்னான். போன மாதம் ஈராக்கில் ரோட்டோரத்து ஊர் ஒன்றில் அமெரிக்காக்காரர்கள் ஒரு பையனைப் பிடித்து அப்பன் பெயர் கேட்டார்களாம். பையன் சொல்லிவிட்டான். அன்றைக்குச் சாயங்காலமே கதவை உடைத்து, அந்த அப்பனைப் பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் இழுத்துக்கொண்டு போனதை இவன் லாரியில் இருந்து பார்த்திருக்கிறான். ஆள் திரும்பி வரவே இல்லையாம்.

"பைய எடுத்து நீட்டுனப்பவே ஒங்க வாடைன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் சொல்லல. சோறு தரல, தூங்க விடல. எங்கப்பா தீப்பெட்டிக் கம்பெனியில இருக்காருன்னு ஒரு வார்த்தை சொன்னா விட்டிருப்பான். அப்படியே தேடி வந்து ஒங்களத் தூக்கிட்டான்னா? பத்து நாளு வாயத் தெறக்கலப்பா. கடைசியில பார்த்தா பட்டாளத்துக்காரன் கையில ஒங்க பேரு, ஒங்க போட்டோ, சீல் எல்லாம் இருக்கு. பிடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன். அது எம் பைதான், வெடிமருந்து நாந்தான் வச்சேன், அப்பாவ விட்டுருங்கன்னு அவன் கால்ல விழுந்தேன். அவன் அந்தக் காயிதத்தக் காட்டி, வெறும் தீப்பெட்டி மருந்துதான், போன்னு விட்டுட்டான்; எனக்குத்தான் நம்பிக்கை வரல."

ஜீனா என் தோளை உலுக்கி, "என்ன மாமா, என்ன சொல்லுதாவ?" என்று கேட்டாள்.

"அப்பா, கேக்குதா? இன்னைக்கு வேலைக்குப் போவாதீங்க. கதவப் பூட்டிக்கிட்டு உள்ளேயே இருங்க. யாரு வந்து கேட்டாலும் பேரச் சொல்லாதீங்க."

கோவில்பட்டிக்கு எவன்ல வருவான் என்று அதட்டத்தான் வாயைத் திறந்தேன். அவன் மூச்சு போனில் புஸ் புஸ் என்று கேட்டது. காலால் பூத்துக் கதவை எட்டி, அவனுக்குக் கேட்கும்படி அறைந்து சாத்தினேன்.

"பூட்டிட்டேம்ல" என்றேன். "பூட்டிட்டேன்."