அண்ணன் தட்டிப் பாப்பாரு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. யார்மேல் கோபம் என்பதுதான் எழுத எழுத மாறிக்கொண்டே இருக்கிறது. முதலில் இப்படித் தொடங்கினேன்: "பேருந்துப் பணிமனையின் ஃபோர்மேன், தலைமைக்கே இலக்கணமாக…" சீ. கட்டிய புருஷனுக்கு இரங்கல் கூட்டத்தில் பேசுவது போல இருக்கிறது. அடித்துவிட்டேன்.

2

மெக்கானிக்குகள் சக்கர நட்டுகளை முடுக்கியதும், என் வீட்டுக்காரர் சின்னச் சுத்தியலோடு குனிந்து ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்பார். தளர்ந்திருந்தால் சத்தம் மாறும். யாரையும் திட்டமாட்டார். தானே முடுக்கிவிட்டு, "போய் டீ குடிங்கப்பா" என்பார். மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்கு உழைக்கவேண்டும் என்பது அவர் கட்சி.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. வீட்டிலும் இதே கூத்துதான். நான் அணைத்த அடுப்பைத் தானும் ஒருமுறை திருகிப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். "ஏங்க, எனக்குக் கை இல்லையா?" "உனக்கு எதுக்குச் சிரமம்னுதான்." இதற்கு எப்படிச் சண்டை போடுவது?)

3

அவர் காய்ச்சலில் படுத்திருந்த அன்று ஒரு பேருந்தின் முன்சக்கரம் ஓடும்போதே கழன்றது. ஓட்டுநருக்கு ஒரு கால் போயிற்று. [இங்கே விபத்தை வர்ணிக்கவேண்டும். மனம் வரவில்லை.]

விசாரணையில், அந்தச் சக்கரத்தை மாட்டிய மெக்கானிக் சொன்னானாம்: "பாதிதான் சார் முடுக்குவோம். மீதிய அண்ணன் தட்டிப் பாப்பாருன்னு விட்டுருவோம். அன்னிக்கு அவரு லீவுன்னே தோணல."

இந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "அவனை விட்டுருங்க சார். பழக்கிவிட்டது நான்."

இருவரில் யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று நாளை முடிவு.

4

முடிவு அ: மெக்கானிக் போகிறான். இவர் மறுபடி குனிகிறார். எல்லோரும் மறுபடி பாதி முடுக்குகிறார்கள்.

முடிவு ஆ: இவர் போகிறார். பின்னால் நின்று தட்ட ஆளில்லாததால், அவர்கள் முதன்முறையாகக் கடைசிவரை முடுக்குகிறார்கள்.

ஆ-தான் நியாயம். எழுதிய கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. இத்தனை வருஷம் எல்லோருக்காகவும் முதுகு வளைத்தவருக்கு இதுவா மரியாதை? அவர்மேலும் எரிச்சல்தான். நல்லவராக இருந்தே கூட வேலை பார்த்த நாலு பேர் கையை ஊனமாக்கி வைத்தாரே.

5

கூடத்தில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். விபத்துக்குப் பிறகு அடுப்பங்கரைப் பக்கமே வருவதில்லை.

எங்கோ தீயும் வாசனை. பாலை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன், அவர் பார்த்துக்கொள்வார் என்று.

"ஏங்க…"

யார் எழுந்து போவது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சீக்கிரம், பால் தீய்கிறது.